சேதம் கலையாமல் வைத்திருக்கவும்

மார்கழியில் கீழச்செம்பாறையில் பெய்த மழை மூன்று நாளில் நின்றுவிட்டது. அதற்கான ஆய்வுதான் ஆறு மாதம் பெய்தது.

மழை நின்ற மறுநாள், ஊரில் சின்ன வெங்காயம் போட்டிருந்த அறுபத்திரண்டு பேரும் தண்ணீருக்குள் எது யாருடைய வரப்பு என்று காலால் தடவிக்கொண்டிருந்தபோது, உதவி வேளாண் அலுவலர் புவனேஷ் பைக்கில் வந்து நல்ல செய்தி சொன்னார். காலநிலை இடர் மதிப்பீட்டு உயர்மட்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டுவிட்டது. குழு வரும், பார்க்கும், உடனே நிவாரணம். அறுபத்திரண்டு வயலையும் பார்க்கக் குழுவுக்கு நேரம் இருக்காது. ஆகவே கம்ப்யூட்டர் ஒரே ஒரு வயலைக் குலுக்கி எடுக்கும். அந்த வயலில் என்ன சேதமோ அதுவே ஊர் முழுவதற்கும் சேதம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதில் துறைக்கு அசையாத நம்பிக்கை. பானை வெள்ளத்தில் போய்விட்ட வருடத்திலும் அந்த நம்பிக்கை போகவில்லை.

கம்ப்யூட்டர் கடற்கரை என்பவனின் ஒன்றேகால் ஏக்கரை எடுத்தது.

ஊர் ஆர்ப்பரித்தது. ஏனென்றால் அந்த வயல் பள்ளத்தில் கிடந்தது. ஊரிலேயே அதிகமாக அழிந்திருந்தது அதுதான். பக்கத்து வயல்காரன் துல்கர்னைன் ஓடிவந்து கடற்கரையின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"மாமா, நான் சவுதியில பதினோரு வருசம் இருந்துருக்கேன். ஒம்ம வயலு மாதிரி ஒரு நாசத்த அங்கன கூட பாத்ததில்ல."

"சவுதியில ஏதுலே வயலு?"

"அதான் சொல்லுதேன். வெறும் மணலு கூட இத விட நல்லாருக்கும்."

கடற்கரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்ததால் சிரித்தான். ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஊர் அவனைப் பாராட்டியது.

புவனேஷ் ஒரு தாளை நீட்டினார். 'மாதிரித் திடலைக் குழு பார்வையிடும்வரை சேதம் கலையாமல் வைத்திருக்கவும். உழுதல், அள்ளுதல், நடுதல் ஆகியவை சேதத்தைச் சேதப்படுத்தும் செயல்களாகக் கருதப்படும். மாதிரி விவசாயி வேறு நிலத்தில் பயிர் செய்தால் அவர் பாதிக்கப்படாதவர் ஆவார்.' கீழே கடற்கரை கையெழுத்துப் போட்டான்.

"எப்ப சார் வருவாவ?" என்று கேட்டாள் அவன் மனைவி உலகம்மாள்.

"பத்து நாள்லம்மா. மிஞ்சிப் போனா பதினைஞ்சு."

தை பிறந்தது. குழு வரவில்லை. ஆலங்குளத்திலிருந்து உலகம்மாளின் தம்பி மணிமுத்து பொங்கல்படியோடு வந்தான். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, அவற்றோடு நூற்றிருபது கொத்து விதை வெங்காயம். அவனுடைய மேட்டுக்காட்டில் தண்ணீர் நிற்கவில்லை, வெங்காயம் தப்பியிருந்தது. வெங்காயத்தின் காய்ந்த தாளோடு சேர்த்து முடிந்த கொத்துகளை வீட்டுக்குள் குறுக்குக் கம்பு கட்டித் தானே தொங்கவிட்டான்.

"எக்கா, இது கால் ஏக்கருக்குக் காணும். அதுல எடுத்தேன்னா அடுத்த பட்டத்துக்கு முழு வயலுக்கும் விதை ஆயிரும். பங்குனியில நட்டுரு. தவறினா சித்திர. வைகாசி தாண்டிட்டுன்னா விதைய நம்பாத. கொஞ்சம் அழுகும், கொஞ்சம் கொம்பு விட்டுப் போவும், மிச்சம் சண்டாயி வெறுந் தொலியாயிரும்."

"அதுக்குள்ள வந்துருவாவ," என்றாள் உலகம்மாள்.

அந்த நூற்றிருபது கொத்தைத் தவிர அவர்களிடம் நடுவதற்கு வேறு எதுவும் இல்லை. ஐப்பசியில் நட்ட விதை வயலுக்குள்ளேயே அழுகிக்கொண்டிருந்தது.

தை முடியும்போது புவனேஷ் டேப்லெட்டோடு வந்தார். முதல்நிலைப் படம் எடுக்க வேண்டும். வயலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னய்யா இது, தண்ணியக் காணும்?"

"வடிஞ்சிட்டு சார். ஒரு மாசம் ஆச்சுல்லா."

"செயலியில வெள்ளச் சேதம்னு பதிவாகியிருக்கு. தண்ணி தெரியாம படம் எடுத்தா ஏத்துக்காது. வறட்சின்னு காட்டும். வெள்ளத்துல பதிஞ்சிட்டு வறட்சியில படம் போட்டா மோசடி வழக்கு வரும்யா."

மோசடி என்ற சொல்லைக் கேட்டதும் கடற்கரைக்கு வியர்த்தது. வெள்ளம் வந்தது, போய்விட்டது. போனது தன் குற்றமோ என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. துல்கர்னைன்தான் யோசனை சொன்னான். அவன் கிணற்று மோட்டாரைப் போட்டு, நான்கு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சி, கணுக்கால் அளவுக்கு ஒரு வெள்ளத்தை உண்டாக்கினார்கள். புவனேஷ் படம் எடுத்தார். டேப்லெட் பச்சை டிக் காட்டியது.

"அருமை. இதே மாதிரி மாசாமாசம் ஒண்ணாந்தேதி புதுப்பிக்கணும்."

"எத சார்?"

"வெள்ளத்த."

அப்படியாக, மாசியிலும் பங்குனியிலும் கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகும் கீழச்செம்பாறையில் ஒன்றாம் தேதி தவறாமல் வெள்ளம் வந்தது. ஊரார் முறை வைத்து மோட்டார் கொடுத்தார்கள். தங்கள் வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரை ஊர் நலனுக்காகத் தியாகம் செய்தார்கள். ஏனென்றால் மற்ற அறுபத்தோரு பேருடைய வயலும் மாதிரித் திடல் இல்லை. அவர்கள் தையிலேயே உழுதுவிட்டார்கள், நட்டுவிட்டார்கள். அவர்களுடைய வெங்காயம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நடுவில் கடற்கரையின் ஒன்றேகால் ஏக்கர் மட்டும் கறுத்து, நொதித்து, பிணவாடை அடித்துக் கிடந்தது. பங்குனி கடைசியில் அறுவடை ஆகி, பாவூர்சத்திரம் சந்தைக்கு டெம்போக்கள் போகத் தொடங்கின. கடற்கரை வயலைத் தாண்டும்போது டிரைவர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஒரு கும்பிடும் போடுவார்கள். அது ஊரைக் காக்கும் வயல்.

தண்ணீர் விட்டால் மண் சும்மா இருக்குமா? முழுதாக அழுகாமல் சேற்றுக்குள் கிடந்த வெங்காயம் சில இடங்களில் பச்சையாகக் கொம்பு விட்டது. அதைக் கண்ட கடற்கரைக்கு ஒரு நிமிடம் எல்லாம் மறந்துபோய் மனசு குளிர்ந்துவிட்டது. புவனேஷின் டேப்லெட்டுக்குக் குளிரவில்லை.

"பச்சை இருபத்தேழு சதவீதம் காட்டுதுய்யா. நாற்பதத் தாண்டினா இது சேதம் இல்ல, விவசாயம். ஊரோட பேரையே பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க."

"அதுக்கு நான் என்ன சார் செய்ய?"

"பராமரிக்கணும்."

"எப்படி?"

புவனேஷ் கெட்டவர் இல்லை. விவசாயக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். சொல்ல வாய் வராமல், தரையைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ பிடுங்குவதுபோலச் செய்து காட்டினார்.

கடற்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். முப்பது வருடமாக முளைக்க வேண்டும் என்று குனிந்தவன், முளைத்துவிட்டதே என்று குனிந்தான். முதல் முளையைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நூறாவதில் ஒற்றுவது நின்றது. ஐந்நூறாவதில் வேரோடு வரும்படி ஒரு லாவகம் கைவந்துவிட்டது. கரையில் நின்று பார்த்த உலகம்மாள் பிடுங்கிப் போட்டதை எல்லாம் மடியில் பொறுக்கினாள்.

"முளச்சதப் பிடுங்குத கை வெளங்குமா?"

"ஊருக்காவத்தாம்ட்டி."

"இத வீட்டுப் பின்னால, குளிக்குத தண்ணி போற இடத்துல ஊனி வைக்கேன்."

"சாம்பிள இடம் மாத்தப்பிடாதாம்."

"அப்ப கொழம்புக்காவது போடுதேன்."

"சாம்பிள சமைக்கவும் பிடாதாம். கேட்டுட்டேன்."

அவள் மடியை அவிழ்த்து எல்லாவற்றையும் சேற்றில் கொட்டினாள். அன்று பச்சை ஆறு சதவீதமாக இறங்கியது. புவனேஷ் மேலிடத்துக்கு எழுதிய குறிப்பில், 'மாதிரி விவசாயி தன்னார்வத்துடன் செயல்படுகிறார்' என்று ஒரு வரி சேர்த்தார்.

அந்த ஒரு வரியால் கடற்கரைக்குத் தென்காசியில் ஒருநாள் சேதப் பராமரிப்புப் பயிற்சி கிடைத்தது. மாவட்டத்தின் மாதிரி விவசாயிகள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். காற்றில் சாய்ந்த வாழைகளை மாதக்கணக்கில் சாய்ந்த வாக்கிலேயே வைத்திருக்கும் ஒருவர், பக்கக் கன்று தலைகாட்டியதும் எப்படிச் சீவுவது என்று செய்முறை விளக்கம் அளித்தார். இடிந்த கிணற்றை மச்சினன் பாசத்தில் கட்டிக் கொடுத்துவிட்டதால் கடப்பாரை வாங்கி மறுபடி இடித்தவருக்குச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, "நீங்கள்தான் பேரிடரின் தூதுவர்கள்" என்று ஓர் அதிகாரி சொன்னார். கடற்கரை பெருமையோடு பஸ் ஏறினான். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. வாடை.

விதைக்கு இந்தப் பயிற்சி எதுவும் கிடைத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு அழுகிக்கொண்டிருந்தது. உலகம்மாள் தினமும் காலையில் கொத்துகளை இறக்கி, கெட்டதைத் திருகி எறிந்துவிட்டு, மிச்சத்தை முடிந்து மறுபடி தொங்கவிட்டாள். பங்குனியில் தொண்ணூறு கொத்து இருந்தது. சித்திரை பத்தாம் நாள் அறுபதுகூடத் தேறவில்லை. அன்று அவள் யாரிடமும் சொல்லாமல் இருபது கொத்தைக் கடகத்தில் வைத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். கிழக்கு மூலையில் ஒரு பாத்தி வெட்டியிருப்பாள். அதற்குள் ஊர் வந்துவிட்டது.

மகளிர் குழுத் தலைவி ரெபேக்காள் அவள் கையிலிருந்த மண்வெட்டியை மிகவும் பாசத்தோடு பிடுங்கினாள்.

"ஏக்கா, என்ன காரியம் பண்ணுதே? அறுவத்தோரு குடும்பத்த நெனச்சுப் பாத்தியா?"

"ஒங்க அறுவத்தோரு வயலும் ஒரு வெள்ளாம எடுத்தாச்சு. எவ வயலுட்டி அழிஞ்சு கெடக்கு?"

"ஒன் வயலுதான். அதனாலதான நாங்க எல்லாரும் ஒன்னயே நம்பியிருக்கோம்."

"ஒரு மூலையில நட்டுக்கிடுதேன் ரெபேக்கா. விதை போவுதுட்டி. பாரு, தொட்டாலே பொதபொதன்னு இருக்கு."

"விதை போனா விதை வாங்கலாம்க்கா. சேதம் போனா எங்கன போயி வாங்குவே?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு உலகம்மாளுக்குப் படிப்பு இல்லை. துல்கர்னைன் வெட்டிய பாத்தியைக் காலால் தட்டி மூடி, அதன்மேல் நாலு அழுகல் வெங்காயத்தையும் நிரவிவிட்டான். "வருத்தப்படாதிய மாமி, குழு வந்த அன்னைக்கே என் டிராக்டர வச்சி ஓசியில உழுது தாரேன்," என்றான். அன்றிலிருந்து வயலுக்கு முறைக்காவல் போட்டார்கள். மாடும் மயிலும் நுழையாமல் இருக்க என்று சொல்லிக்கொண்டார்கள். காவலுக்கு இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கடற்கரையின் வீட்டு வாசலை.

குழு மாசியில் வருவதாக இருந்தது. பங்குனிக்குத் தள்ளிப்போனது. பங்குனியிலும் சித்திரையிலும் 'களச்சூழல் சாதகமாக இல்லை' என்று தகவல் வந்தது. கடற்கரை வேளாண்மை அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தான். நான்காம் முறை, புவனேஷ் அவனைச் சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. தலைவருக்கும் குழுவுக்கும் குற்றாலத்துலதான் ரூம் போட்டிருக்கு. அருவியில தண்ணி விழணும்லா?"

"அருவிக்கும் எங்க வெங்காயத்துக்கும் என்ன சார்?"

"வெங்காயத்துக்கு ஒண்ணும் இல்ல. குழுவுக்கு இருக்கே. சீசன் ஆரம்பிச்ச அன்னைக்கு எந்திரிச்சு வந்துருவாங்க. நீங்க சேதத்த மட்டும் பாத்துக்கோங்க."

அதுவரை கடற்கரை மேற்கே மலையைப் பார்ப்பது தன் வெள்ளாமைக்காக. வைகாசி முழுக்க அவன் குழுவின் குளியலுக்காக மலையைப் பார்த்தான். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், "அங்கன மேகம் கட்டுதா? மெயின் அருவியில பாறை நனைஞ்சிருக்கா?" என்று விசாரித்தான். கேட்டவர்கள் அவன் ஏதோ லாட்ஜ் எடுத்து நடத்துகிறான் என்று நினைத்தார்கள். வீட்டுக்குள் கொத்து முப்பதாகியிருந்தது. வைகாசி போய்விட்டது. "இன்னும் முப்பது நல்லாத்தான் இருக்கு," என்றாள் உலகம்மாள். "ஒரு வாரத்துல நட்டாலும் முளச்சிரும். கல்லு மாதிரி இருக்கு." அவள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமுக்கிப் பார்த்திருந்தாள்.

ஆனி மூன்றாம் நாள் சாரல் விழுந்தது. ஆறாம் நாள் குழு குற்றாலம் வந்து சேர்ந்தது. ஏழும் எட்டும் அவர்கள் ஈரப்பதத்தை ஆய்வு செய்தார்கள். ஒன்பதாம் நாள் களப்பயணம்.

அதற்கு முந்தின நாள் மாலை புவனேஷ் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அம்மா, நாளைக்கு மதியச் சாப்பாடு ஒங்க வீட்டுல. நிகழ்ச்சி நிரல்ல இருக்கு. பாதிக்கப்பட்ட விவசாயியோட இல்லத்தில், அவர் சொந்த விளைபொருளில், எளிய உணவு."

"சொந்த வெளச்சலுக்கு எங்கன சார் போவேன்? ஆறு மாசமா அழுகலத்தான வெளைய வைக்கோம்."

புவனேஷின் பார்வை மேலே போனது. முப்பது கொத்தும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது விதை சார். எந்தம்பி குடுத்தது."

"கூடப்பிறந்தவங்க விளைச்சலைக் குடும்ப விளைச்சலா எடுத்துக்கலாம்மா. படிவத்துல இடம் இருக்கு."

உலகம்மாள் கடற்கரையைப் பார்த்தாள். கடற்கரை வாசலைப் பார்த்தான். வாசலில் ஊர் நின்றது.

"கெடக்கட்டும் மாமி," என்றான் துல்கர்னைன். "நாளைக்கு அவுக கையெழுத்துப் போட்டுட்டாவன்னா ஒரு கொத்துக்குப் பத்து கொத்தா நாங்க ஆளுக்கு ஆளு கொண்டாந்து போடுதோம். ஒரு நாளு கூத்து."

மறுநாள் ஊர்ப்பொதுவில் இருந்த பெரிய அண்டா வந்தது. பெண்கள் கூடி உட்கார்ந்து உரித்தார்கள். வெங்காயச் சாம்பார், வெங்காய வற்றல் குழம்பு, வெங்காயத் துவையல். வெங்காயம் உரித்ததால் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆகையால் உலகம்மாள் அழுததை யாரும் தனியாகக் கவனிக்க முடியவில்லை. ஒரே ஒரு கொத்தை மட்டும் அவள் உரிக்கக் கொடுக்கவில்லை. நல்லதாகப் பார்த்து, பெரியதாகப் பார்த்து ஒதுக்கி, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பதினோரு கார்கள் வந்தன. குழுத் தலைவர் கல்யாணசுந்தரி அம்மையார் இறங்கும்போது கூந்தல் இன்னும் ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வரப்பில் ஏழு அடி நடந்தார். நின்றார். ஒன்றேகால் ஏக்கரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"எத்தனையோ மாவட்டம் போயிருக்கேன். எங்க போனாலும் விவசாயிகள் அவசரப்பட்டு எதையாவது நட்டு வைச்சிருப்பாங்க. இவ்வளவு சுத்தமான சேதத்தை நான் பார்த்ததே இல்லை. மனசு நிறைஞ்சிருக்கு."

ஊர் கைதட்டியது. கடற்கரையும் தட்டினான்.

பிறகு பந்தல் கீழே அவர் பேசினார். "காலநிலை மாற்றம் என்பது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இன்று காலை ஐந்தருவியில் இரண்டு கிளையில்தான் தண்ணீர். நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆனால் நாங்கள் நிவாரணம் கேட்டோமா? நிவாரணம் என்பது பழைய சொல். கொடுத்தால் விவசாயி அதற்கே பழகிவிடுவார். ஆறு மாதம் எதுவுமே கொடுக்காமல் இந்தக் கிராமத்தைக் கண்காணித்தோம். ஒருவர்கூடச் சாகவில்லை. இதற்குப் பெயர்தான் தாங்குதிறன். இந்தத் தாங்குதிறனைப் பணம் கொடுத்துக் கெடுக்கும் பாவத்தை இந்தக் குழு செய்யாது. எனவே உதவியைப் பொருளாக வழங்கப் பரிந்துரைக்கிறேன். கடற்கரை அவர்களே, இன்று முதல் நீங்கள் தாராளமாக உழலாம், நடலாம். அரசு உங்களுக்கு எந்த வகையிலும் தடையாக இருக்காது."

இதற்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று ஊருக்குத் தெரியவில்லை. புவனேஷ் தட்டினார். ஊரும் தட்டியது.

சாப்பாடு பிரமாதமாக இருந்தது. குழு இரண்டு தடவை சாம்பார் வாங்கிக்கொண்டது. டிரைவர்கள் மூன்று தடவை. மிஞ்சியதில் ஊரும் பந்தியில் உட்கார்ந்தது. துல்கர்னைன் துவையலைத் தொட்டு நக்கிவிட்டு, "மாமி, ஆலங்குளத்து வெங்காயம்னா ஆலங்குளத்து வெங்காயந்தான்," என்றான். நல்லதை நல்லது என்று சொல்ல அவன் என்றுமே தயங்கியதில்லை.

கை கழுவி வந்த கல்யாணசுந்தரி அம்மையார், வாசலில் நின்ற உலகம்மாளின் கையில் இருந்த கொத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு! இது என்ன ரகம்மா?"

"விதைம்மா. கடேசிக் கொத்து. இதையாவது நடணும்னு..."

"விதையா! எங்க வீட்டு மாடித் தோட்டத்துக்கு இப்படி நாட்டு ரகம்தான் தேடிட்டிருந்தேன்," என்று கையை நீட்டினார்.

நீட்டிய கையை வெறுங்கையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. உலகம்மாள் கொத்தை உயர்த்தினாள். தலைவர் பிடித்தார். அந்த நொடியில் மக்கள் தொடர்புப் புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். பதினோரு கார்களும் குற்றாலத்துக்குத் திரும்பின. பொழுது சாயும் முன் இன்னொரு குளியல் பாக்கி இருந்தது.

மறுநாள் காலையில் புவனேஷ் செய்தித்தாளோடு வந்தார். படம் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது. 'வெள்ளத்தில் அனைத்தையும் இழந்த பெண் விவசாயிக்கு விதை வெங்காயம் வழங்கினார் ஆய்வுக் குழுத் தலைவர்.'

கடற்கரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தான்.

"சார், இது எங்க விதை. அவுக எங்ககிட்ட வாங்கிட்டுப் போனது. நீங்களும் பக்கத்துலதான நின்னிய?"

"நின்னேன்யா. ஆனா படத்தப் பாருங்க." புவனேஷ் விரலை வைத்துக் காட்டினார். உலகம்மாள் குள்ளம். தலைவர் படியின் மேல் நின்றிருந்தார். "தலைவர் கை மேல இருக்கு. அம்மா கை கீழ இருக்கு. மேல இருக்குற கைதான் குடுக்குற கை. கீழ இருக்குறது வாங்குற கை. இத நான் எப்படி மாத்தி எழுத முடியும்?"

ஒரு படிவத்தை நீட்டினார். கிராமத்தின் அறுபத்திரண்டு விவசாயிகளுக்கும் உரிய பேரிடர் உதவி, மாதிரி விவசாயி மூலம், விதையாக வழங்கப்பட்டது. பதினைந்து நாளில் முளைப்பு ஆய்வு நடைபெறும். அதுவரை பெற்ற பொருளுக்கான அத்தாட்சியைப் பயனாளிகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"கையெழுத்துப் போடாட்டா என்ன சார் ஆவும்?"

"விதைய வாங்கிட்டு ரசீது தர மறுத்ததா ஆகும்யா."

கடற்கரை போட்டான். உலகம்மாளும் போட்டாள். அவள் பெயரை நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.

புவனேஷின் பைக் தெருமுனை திரும்பியதும் துல்கர்னைன் வந்தான். டிராக்டரோடு வருவான் என்று கடற்கரை நினைத்திருந்தான். அவன் கையில் வெறும் சாக்கு இருந்தது. அவனுக்குப் பின்னால் ரெபேக்காள். அவளுக்குப் பின்னால் தெரு நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் சாக்கு.

"மாமா, ஊருக்கு வந்த விதைய நீரு ஒத்தையா அமுக்கிட்டீரோன்னு எல்லாரும் பேசுதாவ. நான் நம்பல. ஆனா எம்பங்கு எங்கன?"

"ஏலே, நேத்து நீயும் பந்தியில இருந்து தின்னியேலே. அந்தத் துவையலு என்னதுலே?"

"தின்னேன், இல்லங்கல. அது வேற. இது பேப்பர்லல்லா போட்டிருக்கு."

"ஒரு கொத்துதானலே மிஞ்சுச்சு. அதையும் அவுக கொண்டுபோனத நீ பாத்தேலா?"

துல்கர்னைன் சாக்கைத் தோளில் மாற்றிப் போட்டான். "பாத்தேன் மாமா. ஆனா நான் பாத்தத எந்த ஆபீசுல கொண்டுபோயிக் காட்டுவேன்?"

ரெபேக்காள் தொண்டையைச் செருமினாள். "ஆறு மாசமா ஒங்க வெள்ளத்துக்கு எங்க மோட்டார்ல இருந்து தண்ணி விட்டுருக்கோம்ணே. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு."

உலகம்மாள் வாசலைவிட்டு இறங்கினாள். வீட்டுப் பக்கவாட்டுக்கு நடந்தாள். நேற்று உரித்த வெங்காயத்தின் தொலி அங்கே முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. காற்றுக்குச் செம்பழுப்பாகச் சலசலத்தது.

"விதை எல்லாம் நேத்தே பங்கு போட்டாச்சு," என்றாள். "அவுக அவுக வயித்துல இருக்கு. தொலிதான் மிச்சம். வேணும்னா ஆளுக்கு ரெண்டு கை அள்ளிட்டுப் போங்க."

ஒருவரும் நகரவில்லை. நிச்சயம் வெட்கப்பட்டார்கள். பிறகு கடைசியில் நின்ற ஒருவர் மெதுவாக முன்னால் வந்து, குனிந்து, சாக்கை விரித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். துல்கர்னைன் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போனான். பதினைந்து நாளில் ஆய்வு இருக்கிறது, காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும். கால் மணி நேரத்தில் குவியல் தரைமட்டம் ஆனது.

பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள், கடற்கரை பங்கு பிரித்ததில் பாரபட்சம் காட்டியதாகக் குழுத் தலைவருக்கு ஒரு மனு எழுதினார்கள். மனு குற்றாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விசாரிக்கிறோம், அதுவரை தொலியை யாரும் தொட வேண்டாம் என்று பதில் வந்தது.